இடப்பக்கத்துக்கு ஒரு சொடுக்கு

குரங்கு பார்க்கிற வேலைக்குப் போன மனுஷருக்கு எவ்வளவு கர்வம் இருந்துவிட முடியும் என்று நினைப்பீர்கள். ஆறுச்சாமிக்கு இருந்தது. நிறையவே இருந்தது. வேலந்தாவளத்துப் பக்கம் தோட்டம் துரவோடு வாழ்ந்த குடும்பம். அவருடைய அப்பா வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால், பண்ணையத்து ஆட்கள் தோள் துண்டை இறக்கி, வாயைப் பொத்திக்கொண்டு எதிரே நின்றுதான் பேசுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர். தம்பி டிராக்டர் எடுத்து, உழவு மாடுகளைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிவிட்ட பிறகு, "இனி எனக்கு இங்கே என்ன வேலை" என்று முறுக்கிக்கொண்டு கிளம்பி, வாளையார் மலையடிவாரத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சேர்ந்தார். ஊர் டீக்கடையில் சிரித்தார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படித்தவர்களுக்கு வராத ஒன்று தன் கைக்கு வருகிறது என்பது சேர்ந்த இரண்டாம் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே படித்தவர் என்றால் சிசிலி. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் அளவுக்கு வந்துவிட்ட பெண். வயது இருபத்தாறு. அம்மா மதலேனம்மாள் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். மகள் ஊசி போடுகிற டாக்டராகப் போகிறாள் என்றே லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். சிசிலியும் அதைத் திருத்தப் போகவில்லை. சேர்ந்த முதல் நாளே அவள் ஆறுச்சாமியை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். அவர் அவளை "அம்மணி" என்றார். தன் வேலையை அவருக்குப் புரியவைக்க அவள் எடுத்துக்கொண்ட பாட்டை அந்த நிலையத்தில் வேறு யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

"ரெண்டு டப்பா இருக்கு அண்ணாச்சி. ஒண்ணுக்கடியில கடலை. குரங்கு பாத்துக்கிட்டு இருக்கும்போதே வைக்கோம். அப்புறம் பலகைய எறக்கி மறைச்சிருதோம். பத்து எண்ணிட்டுப் பலகையத் தூக்குனா, எந்த டப்பான்னு அது முடிவு பண்ணணும். அந்த முடிவு மூளையில எந்தெந்த எடம் சேந்து எடுக்குது? அதத்தான் நான் படம் புடிக்கப் போறேன்."

"மூளைய எப்படீங்க அம்மணி படம் புடிக்கறது? மண்டை ஓடு மூடியிருக்குதுங்களே?"

அதற்கு வெளிநாட்டில் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மூளையில் எந்த இடம் அதிகம் வேலை செய்கிறதோ அந்த இடம் அதிகம் சர்க்கரை தின்னும். கதிர் வீசும் சர்க்கரையை நரம்பில் ஏற்றிவிட்டு முக்கால் மணி நேரம் குரங்கை வேலை செய்யவிட்டால், வேலை செய்த இடங்களில் சர்க்கரை தங்கிவிடும். அதன்பிறகு மூளையை எடுத்து உறையவைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, எக்ஸ்ரே பிலிமின்மேல் பரப்பிவைத்தால், சர்க்கரை தங்கிய இடமெல்லாம் கறுப்பாக விழும். "மூளையை எடுத்து" என்ற இடத்தில் சிசிலி குரலைத் தாழ்த்தினாள். ஆறுச்சாமியும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குரங்குகளுக்குக் காகிதத்தில் ஏழு, ஒன்பது என்று பெயர். ஆறுச்சாமி தன் வழக்கப்படி நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார். சாம்பல் பூத்த ஆணுக்கு மயிலை. சிவந்த முகத்துப் பெண்ணுக்குச் செவலை. இரண்டும் மாட்டுக்கு வைக்கிற பெயர்கள். அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

சிசிலி கவனக்குறைவானவள் இல்லை. கடலை வைப்பவரின் முகத்தைப் பார்த்தே குரங்கு விடையைத் தெரிந்துகொள்ளும் என்று படித்திருந்தாள். அதனால் டப்பாக்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் ஆறுச்சாமியை உட்காரவைத்தாள். கைகள் மட்டும் துணியின் ஓட்டை வழியே வெளியே வரும். பலகையை உள்ளேயிருந்து கயிற்றால் தூக்கும்போது கைகளும் உள்ளே போய்விடும். அவள் அடுத்த அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்வாள். கண்ணுக்கு என்னென்ன தடை போட வேண்டுமோ அத்தனையும் போட்டாயிற்று.

முதல் ஒரு மாதம் மயிலை நாற்பது தடவையில் இருபது சரி, இருபது தப்பு என்றே போட்டுக்கொண்டிருந்தான். ஆறுச்சாமிக்கும் வேலை புதிது. விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பிறகு பழகிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் மயிலை கிடுகிடுவென்று ஏறினான். முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. சிசிலி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, "எப்படி அண்ணாச்சி செஞ்சிய? பெங்களூர்ல நாலு மாசம் ஆகுமாம்" என்று கேட்டாள். ஆறுச்சாமி மீசையைத் தடவினார். "கைராசிதானுங்க அம்மணி. சீவனுக்குத் தெரியும், ஆருக்குக் கட்டுப்படோணும்னு" என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி பொன்னாத்தாளிடம், "படிச்சவங்களே என்ர கைய நம்பித்தான் உக்காந்திருக்கறாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். முதல் தடவையே அவளுக்குக் கேட்டிருந்தது.

மார்கழியில் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் தேங்காய் மூடி அளவு. கிராம்பை அதக்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்று மயிலை நாற்பதுக்கு இருபத்தொன்று. மறுநாள் பத்தொன்பது. சிசிலிக்கு முகம் வாடிப்போயிற்று. நாலாம் நாள் வீக்கம் வடிந்து ஆறுச்சாமி பழையபடி உட்கார்ந்தார். மயிலையும் பழையபடி முப்பத்தேழு போட்டான். "ஒங்களுக்குப் பல்வலின்னா அவனும் லீவு போட்டுட்டான்" என்று சிசிலி சிரித்தாள். ஆறுச்சாமியும் சிரித்தார்.

சிரிப்பு வீடுவரைக்கும்தான். சோறு போட்டுக்கொண்டிருந்த பொன்னாத்தாளிடம் இந்த அதிசயத்தைச் சொன்னபோது அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அங்கயும் சொடுக்குறீங்களா?"

"என்னத்தச் சொடுக்கறது?"

"நாக்கத்தானுங்க. எடத்த மாட்டத் திருப்ப நாக்கச் சொடுக்குவீங்க. வலத்த மாட்டுக்கு ஒதட்டக் குமிச்சு இழுப்பீங்க. மாடு போயும் உங்க வாய் நிக்கலீங்களே. கொழம்புச் சட்டி எடது கைப்பக்கம் இருந்தா ஒரு சொடுக்கு, வலது கைப்பக்கம் இருந்தா ஒரு இழுப்பு. இருவத்திரண்டு வருசமா நானும் மாடாட்டம் திரும்பித் திரும்பிப் போட்டுட்டுத்தான் இருக்கறேன். பல்வலி வந்த மூணு நாளும் ஊடு சத்தமில்லாம இருந்துச்சுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆறுச்சாமி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் சனிக்கிழமை. சிசிலி ஐஸ் பெட்டி வாங்கப் பாலக்காட்டுக்குப் போயிருந்தாள். உச்சிப் பொழுதில் அவர் மயிலையைத் தனியாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார். நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு பத்துத் தடவை செய்தார். ஐந்து சரி, ஐந்து தப்பு. பதினோராம் தடவை கடலையை வலப்பக்கம் வைத்துவிட்டு, பலகையைத் தூக்கும்போது இடப்பக்கத்துக்கு ஒரு சொடுக்குச் சொடுக்கினார். மயிலை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இடப்பக்க டப்பாவைத் தூக்கினான். உள்ளே ஒன்றுமில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கறுப்புத் துணியைப் பார்த்தான். துணிக்குப் பின்னால் ஆறுச்சாமி கூனிக் குறுகிப்போனார். உழவு மாட்டை ஒரு நாளும் அவர் பொய்ச் சொடுக்குச் சொடுக்கி ஏமாற்றியதில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிடுவதாக இருந்தார். சத்தியமாக இருந்தார். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தார். வந்து பார்த்தால் சிசிலியின் வழிகாட்டி, பெங்களூர்ப் பெரிய டாக்டர், கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். சிசிலி அவரிடம், "இவர்தான் சார் எங்களுக்கு வாத்தியார். குரங்குக்கும் எனக்கும்" என்று அறிமுகம் செய்துவைத்தாள். பெரிய டாக்டர் ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு பெரிய மனிதர் கையைப் பிடித்துக் குலுக்கும்போது, "அது என் கையில்லீங்க, வாய்" என்று எப்படிச் சொல்வது? ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மயிலை அன்றைக்கு முப்பத்தொன்பது போட்டான்.

செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்றிருந்தார். புதன்கிழமை பம்பாயிலிருந்து சர்க்கரை வந்தது, முத்திரை வைத்த சின்னப் பெட்டியில், மூன்றே மூன்று குப்பி. அதை வாங்க ஒன்றரை வருஷம் எழுதிப்போட்டதாகச் சிசிலி சொன்னாள். வியாழக்கிழமை அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேறொன்று. சொல்லாமல் இருப்பதற்குத் தினமும் ஒரு காரணம் அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமைதான் மயிலைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மயிலை வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டான். ஆறுச்சாமிக்குத்தான் நீட்டுவான். அவர் பிடித்துக்கொண்டார், சிசிலி ஊசி ஏற்றினாள். பிறகு முக்கால் மணி நேர வேலை. துணிக்குப் பின்னால் உட்கார்ந்தபோது ஆறுச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. வாயை மூடிக்கொண்டால்? மூடிக்கொண்டால் இவன் தப்புத் தப்பாக எடுப்பான். ஒன்றரை வருஷக் காத்திருப்பு வீணாகும். ஏன் என்று அவள் கேட்பாள். அதுவரை தெரியாமல் செய்துகொண்டிருந்த மனுஷர் அன்றைக்குத் தெரிந்தே சொடுக்கினார். முக்கால் மணி நேரமும், ஒன்று விடாமல். மயிலை நாற்பதுக்கு நாற்பது எடுத்தான். கண்ணாடிக்குப் பின்னால் சிசிலி கைதட்டியது தெரிந்தது. அரைமணி நேரத்தில் மயிலையின் கூண்டு காலியாக இருந்தது. அதைக் கழுவும் வேலையும் ஆறுச்சாமியுடையதுதான்.

பத்து நாள் கழித்து பிலிமைக் கழுவி எடுத்தாள் சிசிலி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்கும் காட்டினாள். சீவல் சீவலாக மூளை, ஒவ்வொன்றும் பாதி அப்பளம் அளவு.

"இது நெத்திப் பக்கம் அண்ணாச்சி. முடிவெடுக்குத எடம் இங்கனதான் கறுத்துருக்கணும். லேசாத்தான் இருக்கு. ஆனா இங்க பாருங்க, இவ்வளவு கறுப்பு. பெங்களூர்ல சும்மா உக்காந்திருந்த குரங்குக்கு இப்படி விழல."

"இது எந்த எடமுங்க?"

"காது. காதுலேருந்து போற பாதை பூராவும். கண்ணால பாத்து ஞாபகம் வச்சு எடுக்குத வேலையில காதுக்கு என்ன சோலி?"

ஆறுச்சாமிக்கு அந்தப் பிலிமைத் தொடக் கை வரவில்லை. மண்டை ஓட்டுக்குள் இருந்ததை எப்படிப் படம் பிடிப்பது என்று கேட்டவர் அவர்தான். இதோ பிடித்துவிட்டார்கள். தன் நாக்கின் சத்தம் கறுப்பாக விழுந்து கிடக்கிறது. அந்தப் பெண்ணுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவர் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து வாளையார்ச் செக்போஸ்ட்டில் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். சிசிலி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"லாரி! அண்ணாச்சி, லாரிச் சத்தந்தான் இது!"

அதன்பிறகு மூன்று நாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹாரனை எண்ணினாள். செக்போஸ்ட்டில் வரிசை நீளமாக இருந்தால் மணிக்கு எழுபது. பெரிய டாக்டரிடமிருந்தும் பதில் வந்தது. அறையைச் சத்தம் புகாமல் அடைத்துவிட்டு, இரண்டாவது குரங்கை வைத்து மறுபடி செய் என்று. கயிற்றுப் பாயும் சாக்கும் வாங்கிவந்தார்கள். ஆறுச்சாமி ஏணியில் ஏறி ஜன்னலை அடைத்தார். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். கீழே சிசிலி பாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நான் மொதல்லயே யோசிச்சிருக்கணும் அண்ணாச்சி. என் புத்திக்கு ஏன் தோணல? மயிலை என்னால வீணாப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் வாயிலிருக்கும் சத்தத்தைத் தடுக்க வெளி ஜன்னலுக்குச் சாக்கு அடிக்கிற மனுஷரை நினைத்துப் பாருங்கள். ஆணி வாயில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டிய தொல்லை அவருக்கு இல்லை. கடைசி ஆணியை அடித்த பிறகும் அவர் வெகுநேரம் ஏணியை விட்டு இறங்கவில்லை.

இறங்கும்போது ஒரு தந்திரத்தோடு இறங்கினார். சொல்லவும் வேண்டாம், செவலை சாகவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டால் போதும். அதுவரை முப்பத்தாறு போட்டுக்கொண்டிருந்த செவலை சரிந்துவிடுவாள். படிக்காத குரங்கு எதற்கு என்று மலம்புழைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. மறுநாளிலிருந்து அவர் வெற்றிலையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செவலை இருபதுக்கு வந்துவிட்டாள். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது. நோட்டில் எழுதும் சிசிலியின் கை தளர்ந்துகொண்டே வந்தது. சாக்கு அடித்த அறையில் வெளிச்சமில்லாததால் குரங்குக்கு மனசு சரியில்லையோ என்றாள். தான் சிடுசிடுப்பாக இருப்பதால் இருக்குமோ என்றாள். பழி போட அவளுக்கு அவளைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. செவலை ஒவ்வொரு தடவையும் டப்பாவை எடுக்கும் முன் தலையைச் சாய்த்துத் துணிப் பக்கம் பார்ப்பது ஆறுச்சாமிக்கு ஓட்டை வழியாகத் தெரிந்தது.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து கடிதம். சிசிலி படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி. செவலை படிக்காட்டியும் பரவாயில்லையாம். ஒப்பிட்டுப் பாக்க ஒரு படிக்காத குரங்கும் வேணும்லா? அதே அறை, அதே நாற்காலி, அதே கடலை, ஆனா ஒண்ணுந் தெரியாத குரங்கு. அதுக்கு இவளையே வச்சுக்கலாம்னு சார் எழுதியிருக்கார். வியாழக்கிழமை செய்வோம். அப்புறம் ஆனைகட்டியிலேருந்து புதுசா ரெண்டு குரங்கு வருது. நீங்கதான் பழக்கணும்."

 படித்தாலும் சாவு, படிக்காவிட்டாலும் சாவு என்பது ஆறுச்சாமியின் கணக்கில் இல்லை. தன் மானம் போகாமல் ஒரு சீவனைக் காப்பாற்றப் பார்த்தவர், மானத்தை மட்டும்தான் காப்பாற்றியிருந்தார். அதற்குப் பிறகும் செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் போனது. இரண்டு நாளும் அவர் பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை காலை. சிசிலி ஊசியில் சர்க்கரையை ஏற்றி வைத்திருந்தாள். செவலை நாற்காலியில் உட்கார்ந்து, ஆறுச்சாமியைப் பார்த்ததும் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். பழக்கின பழக்கம். உள்ளங்கை மேலே, விரல்கள் கொஞ்சம் மடங்கி.

"புடிங்க அண்ணாச்சி."

அவர் பிடிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சரியில்லையா?"

"அம்மணி, லாரிச் சத்தமில்லீங்க அது. என்ர வாய்ச் சத்தமுங்க."

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? விளக்கிச் சொல்லவும் அவரால் முடியவில்லை. "நீங்க இன்னைக்குக் கண்ணாடிக்கு அக்கட்ட போவேண்டாமுங்க. இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். செவலை பார்க்க வலப்பக்க டப்பாவுக்கடியில் கடலையை வைத்தார். பலகையை இறக்கிப் பத்து எண்ணினார். தூக்கும்போது இடப்பக்கத்துக்குச் சொடுக்கினார். செவலை இடப்பக்க டப்பாவைத் தூக்கினாள். மறுபடி இடப்பக்கம் வைத்துவிட்டு உதட்டைக் குவித்து இழுத்தார். வயசுப் பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்க, முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. செவலை வலப்பக்கம் எடுத்தாள். மூன்றாம் தடவை அவர் சத்தமே போடவில்லை. செவலையும் எந்த டப்பாவையும் தொடவில்லை. தலையைச் சாய்த்து, காதைக் கறுப்புத் துணிப் பக்கம் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிசிலி ஊசியை ஐஸ் பெட்டியின்மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"படம் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள் அவள், யாரிடமோ பேசுவது போல. "காதுன்னு சொல்லிச்சு. நான்தான் படத்த நம்பாம லாரிய எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு துணியை விலக்கினாள். "இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாளும் பயந்திருந்தார்.

"தெரியாமத்தானுங்க ஆரம்பிச்சது. அது கருப்பராயன்மேல சத்தியமுங்க. தெரிஞ்சது…" அவர் நிறுத்தினார். "மயிலைக்கு நாள் வெச்சதுக்கு ஒம்போது நாள் முன்னால தெரியுமுங்க அம்மணி."

சிசிலி உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தை அண்ணாச்சி" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை. நீங்க கைய நீட்டுன்னு சொன்னதும் நீட்டுனானே அவன். நான் ஊசி போட்டேனே. ஆணி அடிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லா." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. "எங்க அம்மைக்கு என்ன எழுதுவேன்? ஒரு வருசம் போச்சு." ஆறுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெங்களூர் டாக்டர் குலுக்கிய கை, துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அவள் அவரை மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கூப்பிட்டாள். பெரிய டாக்டருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி வைத்திருந்தாள். நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது, செவலையை இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன், நீங்களும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"என்னன்னு எழுதியிருக்கறீங்க?"

அவள் தமிழில் படித்துச் சொன்னாள். உதவியாளர் தன்னை அறியாமல், மாட்டை ஓட்டும் பழக்கத்தால், வாயால் சத்தம் கொடுத்துவந்திருக்கிறார். முதல் குரங்கின் படம் எடுத்த பின்னால் இது தெரியவந்தது.

"பின்னால இல்லீங்களே" என்றார் ஆறுச்சாமி.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முன்னாலன்னு எழுதுனா ஒங்கள வச்சிருக்க மாட்டாவ அண்ணாச்சி. அது வேண்டாம். தெரியாமச் செஞ்சதுன்னே இருக்கட்டும்."

கோபம் தீராத பெண் இப்படி ஒரு கருணை செய்தது அவரைக் கொன்றுபோட்டது. அதை வாங்கிக்கொள்ள அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. டீக்கடைக்கு முன்னால் தலை நிமிர்ந்து போகலாம். பொன்னாத்தாளிடம் கைராசியைப் பற்றி இன்னும் கொஞ்ச காலம் பேசலாம். அவர் கடிதத்தின்மேல் விரலை வைத்தார்.

"நாப்பதுக்கு நாப்பது எடுத்தானுங்க அன்னைக்கு. அது தெரிஞ்சே நாஞ் சொடுக்குனதுங்க. முன்னாலன்னே எழுதுங்க. ஒம்போது நாளுன்னும் போடுங்க."

சிசிலி வரியை அடித்துவிட்டு மேலே எழுதினாள். எழுதி முடிக்க நேரம் பிடித்தது. அவர் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாக ஆறுச்சாமி என்று போட்டார்.

வெளியே வந்தபோது செவலைக்குத் தண்ணீர் வைக்க வேண்டிய வேளையாகியிருந்தது. கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். அவரைக் கண்டதும் செவலை காலையில் நீட்டியது போலவே கையை நீட்டி, தலையைச் சாய்த்து, அவர் வாயையே பார்த்தாள். எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். ஆறுச்சாமியின் நாக்கு தானாக எழும்பியது. அவர் தோள் துண்டை இறக்கினார். தன் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஆட்கள் நின்ற மாதிரியே, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் குரங்கின் முன்னால் நின்றார்.